நாலு மணி அலாரம்

மார்ச் 5, 2025, புதன்

சாம்பல் புதன். ஈஸ்டருக்கு முந்தைய உபவாச காலமான லெந்து இன்று தொடங்குகிறது. இந்த வாரம் காலை ஷிப்ட் என்பதால் பினாங்கின் பாயான் லெப்பாஸில் இருக்கும் தொழிற்சாலையிலிருந்து நேரே சபைக்குப் போய்விட்டேன். போதகர் கலாத்தியர் ஐந்தாம் அதிகாரம் வாசித்தார். ஆவியின் கனியாகப் பவுல் சொல்லும் ஒன்பதில் கடைசியாக வருவது இச்சையடக்கம். நமக்கு எப்போதும் கடைசியில் நினைவுக்கு வருவதும் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் ஓர் அட்டவணை போட்டேன். நாங்கள் மெதடிஸ்ட், ஜான் வெஸ்லி தொடங்கிய கிறிஸ்தவப் பிரிவு. ஆக்ஸ்போர்டில் வெஸ்லி சகோதரர்களும் நண்பர்களும் எதையும் ஒரு முறைப்படி செய்வதைப் பார்த்து மற்ற மாணவர்கள் கேலியாக வைத்த பெயர் அது. ஜான் வெஸ்லி காலை நாலு மணிக்கு எழுந்துவிடுவார். ஆக்ஸ்போர்டு நாட்களில் புதனும் வெள்ளியும் பிற்பகல் மூன்று மணி வரை உபவாசம். சரி, லெந்து முடியும்வரை நானும் அப்படியே என்று எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டினேன். மனைவி வாசித்துவிட்டு, "வெஸ்லிக்குப் பசியாற யாருங்க செஞ்சு கொடுத்தா?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 7, வெள்ளி

நாலு மணிக்கு எழுந்தேன். ஜெபித்தேனா தூங்கினேனா என்பது கர்த்தருக்குத்தான் தெரியும்.

மலாய் நண்பர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே நோன்பு தொடங்கிவிட்டது. மத்தியானம் நான் கேண்டீன் பக்கம் போகாததைப் பார்த்து என் லைனில் இருப்பவர், "புவாசா?" என்று கேட்டார், நோன்பா என்று. மூன்று மணி வரைக்கும்தான் என்றேன். சிரித்தார். அவருக்கு ஏழரை மணி ஆகும், அதுவரை தண்ணீர்கூடக் கிடையாது. இதற்காக அவர் எங்கேயும் தாள் ஒட்டியதாகத் தெரியவில்லை. சரியாக மூன்று அடித்ததும் மீ கோரெங் இரண்டு தட்டு சாப்பிட்டேன். இரண்டு தட்டு! உபவாசம் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

எட்டேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று அட்டவணையில் இருக்கிறது. எட்டு இருபதுக்கு மகன் ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு நிற்கிறான். மற்றது காணவில்லை. ஆயர் ஈத்தாமிலிருந்து ஜார்ஜ் டவுன் வரைக்கும் காரில் நான் கத்திக்கொண்டே வந்தேன். பொறுப்பு, ஒழுங்கு, எதிர்காலம் என்று ஒன்றையும் விடவில்லை. பன்னிரண்டு வயசுப் பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆராதனைக்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்து, முதல் பாட்டை உரத்துப் பாடினேன்.

ஆராதனை முடிந்ததும் அவனைச் சமாதானப்படுத்த எஸ்பிளனேட் பக்கம் கூட்டிப் போனேன். கார்ன்வாலிஸ் கோட்டையை அவனுக்குப் பாடத்தில் சொல்லியிருக்கிறார்கள். 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கியபோது வெறும் நீபோங் மரத்தை நட்டுக் கட்டிய வேலி, அப்புறம்தான் செங்கல் மதில் என்றான். இந்தக் கோட்டை ஒரு சண்டையைக்கூடப் பார்த்ததில்லையாம். எனக்கு நீதிமொழிகள் 25:28 நினைவுக்கு வந்தது: "தன் ஆவியை அடக்காத மனுஷன் மதிலிடிந்த பாழான பட்டணம்போலிருக்கிறான்." சண்டையே பார்க்காத மதில் அப்படியே நிற்கிறது. என் மதில் ஒரு சப்பாத்துக்கு இடிந்துவிட்டது.

மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லப்பா" என்றான், கோட்டையைப் பார்த்துக்கொண்டே.

மார்ச் 12, புதன்

இரண்டாவது ஷிப்ட். வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிடுகிறது. நாலு மணி அலாரத்தை அணைத்தது நான் இல்லை, மனைவி.

தொழிற்சாலையில் ஃபைவ் எஸ் தணிக்கை என் வேலை, அதாவது வேலையிடம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது. ஜப்பான்காரர்கள் கொடுத்த ஐந்து சொற்களில் முதல் மூன்று பிரிப்பது, அடுக்குவது, துடைப்பது. பெயிண்டும் துடைப்பமும் இருந்தால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். ஐந்தாவது ஷிட்சுகே. யாரும் பார்க்காதபோதும் அதே மாதிரி நடந்துகொள்வது. எந்த லைனிலும் அதற்கு நான் முழு மதிப்பெண் போட்டதில்லை. என் வீட்டுக்கு யாராவது தணிக்கைக்கு வந்தால்?

பசியாறலைப் பற்றி மனைவி கேட்டது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. இடைவேளையில் போனில் தேடிப் படித்தேன். வெஸ்லி 1751-இல் மேரி வாசெய் என்ற விதவையை மணந்திருக்கிறார். நிம்மதியான மணவாழ்க்கை இல்லை. அந்த அம்மா பிரிந்து போய்விட்டார். 1781-இல் அவர் இறந்தபோது, அடக்கம் முடிந்து ஓரிரு நாள் கழித்துத்தான் வெஸ்லிக்குச் செய்தி போயிருக்கிறது. அதை அவரே தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். யார் பக்கம் தப்பு என்று சொல்ல நான் யார்? ஆனாலும் ராத்திரி வந்ததும் ஐஸ்பெட்டியில் இருந்த தாளைக் கழற்றினேன். நாலு மணியை அடித்துவிட்டு, "பசியாற - நான்" என்று எழுதித் திரும்ப ஒட்டினேன்.

மார்ச் 14, வெள்ளி

தோசை கருகிவிட்டது. மூன்று மணிக்கு ஒரு தட்டு மட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

மறுபடியும் சப்பாத்து. அதே இடதுகால்.

வாய் திறந்துவிட்டது, சத்தம் வருவதற்குள் மூடினேன். "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" என்ற சங்கீத வசனத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன், அதில் பெரிய பக்தி ஒன்றும் இல்லை. டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு நானும் அவனும் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தோம். சப்பாத்து கிடைத்தது. போன மாதம் தொலைத்துவிட்டான் என்று நான் திட்டித் தீர்த்த மலாய்ப் பயிற்சிப் புத்தகமும் கிடைத்தது. அவன் அதைத் தூசி தட்டி என் கையில் கொடுத்தான், ஒன்றும் பேசவில்லை.

பன்னிரண்டு நிமிஷம் தாமதம். முதல் பாட்டு முடிந்து ஜெபம் நடந்துகொண்டிருந்தது. தாமதமாக வருகிறவர்களுக்கு எங்கள் சபையில் எப்போதும் மிஞ்சுவது முன்வரிசைதான். மூன்று பேரும் எல்லோரையும் தாண்டி அங்கே போய் உட்கார்ந்தோம்.