எல்லோரும் நடுத்தரம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் தம்மை நடுத்தரக் குடும்பம் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டு மாடிகளை வாடகைக்கு விட்டிருக்கும் ஓய்வுபெற்ற அதிகாரியும் அப்படியே, முதுநகரிலிருந்து அன்னக்கூடையில் சங்கரா மீன் சுமந்து வரும் அம்மாவும் அப்படியே.

அரசின் அளவுகோல்களும் ஒன்றுபோல் இல்லை. 2019ஆம் ஆண்டின் 103ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை அடுத்து ஒன்றிய அரசு கொண்டுவந்த பத்து விழுக்காடு இடஒதுக்கீட்டில், ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குக் கீழிருந்தால் நலிந்தவர். 2023 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகைக்கோ 2.5 லட்சம் வரம்பு, வீட்டில் கார் இருந்தால் அதுவும் இல்லை. தென்பெண்ணையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் நுழைந்தால் ரேஷன் அட்டையின் நிறமே, சிவப்பா மஞ்சளா என்று, ஒருவரின் நிலையைச் சொல்லிவிடுகிறது.

பழைய கார் ஒன்றை வைத்திருப்பதால் எங்கள் வீட்டுக்கு அந்தத் தொகை கிடைக்காது என்று அறிந்தபோது, எனக்குள்ளும் ஒரு புழுக்கம் எழுந்ததை மறைக்க விரும்பவில்லை. எட்டாத உயரத்தில் இருக்கும் கோடீசுவரரை நினைத்து நான் ஒருநாளும் அப்படிப் புழுங்கியதில்லை. எதிர்வீட்டுக்காரருக்குக் கிடைத்ததுதான் உறுத்தியது.

மீன்கார அம்மாவிடம் இதைச் சொன்னேன். செதிலைச் சுரண்டியபடியே, "காரை வித்துடு தம்பி, மாசம் ஆயிரம் வரும்" என்றார்.