சைமன் பாம்பெர்கர்: தன் தொழிலுக்கே சட்டம் வகுத்தவர்

வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர் சட்டமன்றத்திற்குள் நுழையும்போது அவர் யாருடைய நலனைக் காப்பார் என்ற ஐயம் எழுவது இயல்பு. அந்த ஐயத்துக்குத் தம் செயலால் விடை தந்தவர் என்பதாலேயே, அமெரிக்காவின் யூட்டா மாநில ஆளுநராக இருந்த சைமன் பாம்பெர்கர் மீது எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு.

ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில், எபர்ஷ்டாட் என்னும் ஊரில், யூதக் குடும்பமொன்றில் பிறந்த அவர், ஏறத்தாழ 14 வயதில் அமெரிக்கா சென்று, தம் அண்ணனோடு ஆடை வணிகத்தில் ஈடுபட்டார். பின்னர் வயோமிங்கில் இருப்புப்பாதை அமைத்த தொழிலாளரிடையே தொழில் நடத்தி, அங்கிருந்து யூட்டாவுக்கு வந்து விடுதிகளை ஏற்று நடத்தினார். டிண்டிக் மலைப்பகுதியிலிருந்த சென்டெனியல் யுரேகா சுரங்கமே அவரைச் செல்வராக்கியது. சால்ட் லேக் நகரிலிருந்து வடக்கே அவர் போடத் தொடங்கிய இருப்புப்பாதை 1908இல் ஆக்டன் நகரை எட்டியது. 1910இல் அதில் மின்சார ரயில்கள் ஓடின. அப்பாதையை ஒட்டி ஃபார்மிங்டனில் 1896இல் அவர் திறந்த லகூன் என்னும் கேளிக்கைப் பூங்கா இன்றும் இயங்குகிறது.

பொதுவாழ்வில் அவர் முதலில் ஏற்றது நகரக் கல்வி வாரியப் பொறுப்பு. அதன்பின் 1903 முதல் 1907 வரை மாநில மேலவை உறுப்பினராக இருந்தார். 1916இல் ஜனநாயகக் கட்சி அவரை ஆளுநர் வேட்பாளராக நிறுத்தியது. மக்களில் பெரும்பாலோர், அமெரிக்காவில் தோன்றிய கிறித்தவ மரபுத் திருச்சபையான மோர்மன் சமயத்தவராக இருந்த மாநிலத்தில், அத்திருச்சபையைச் சேராத ஒருவர் வேட்பாளரானதே பெரிய செய்தி. மோர்மன் தலைவர்களுள் ஒருவரான பி. எச். ராபர்ட்ஸ் அவரை ஆதரித்தது அதனினும் பெரிது. யூட்டா மாநிலமான பின், அச்சமயத்தைச் சேராதவர்களிலும் அவருடைய கட்சியினரிலும் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் நபர் அவரே.

ஆனால் சமயத் தடையைக் கடந்ததைவிட, 1917இல் அவர் செய்ததையே நான் உயர்வாகக் கருதுகிறேன். பதவியேற்ற அந்த ஆண்டிலேயே, ரயில், மின்சாரம் போன்ற பொதுப் பயன்பாட்டு நிறுவனங்களின் கட்டணத்தையும் சேவையையும் கண்காணிக்க ஓர் ஆணையம் உருவாயிற்று. பணியிடத்தில் காயமுற்ற தொழிலாளருக்கு இழப்பீடு பெற்றுத்தரும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. முன்னது ரயில் உரிமையாளரையும், பின்னது சுரங்க உரிமையாளரையும் கட்டுப்படுத்துவது. பாம்பெர்கரோ அவ்விரு தொழிலாலும் வளர்ந்தவர். தம் வருவாயின் ஊற்றுக்கண்ணையே அரசின் கண்காணிப்புக்கு உட்படுத்தும் சட்டங்களை ஓர் ஆளுநர் வரவேற்றுக் கையொப்பமிடுவது எளிதில் காணக்கூடியதன்று. மாநிலம் முழுவதற்குமான மதுவிலக்குச் சட்டமும் அவ்வாண்டு அவர் ஒப்புதலோடுதான் நிறைவேறியது.

அவர் மீண்டும் அப்பதவிக்குப் போட்டியிடவில்லை. 1921இல் பதவிக்காலம் முடிந்ததும் விலகிய பாம்பெர்கர், 1926இல் சால்ட் லேக் நகரில் காலமானார்.