நிகோடினிக் பிளாக்கரும் மூளை வீக்கமும்: எதிக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கிய அனுபவம்

பக்கவாதத்துக்குப் பிறகு மூளையில் வரும் வீக்கத்தை, நிகோடினிக் ரிசெப்டரை (அசிட்டைல்கோலினும் நிகோடினும் போய் ஒட்டும், செல்களின் மேலுள்ள புரதத்தை) அடைக்கும் மருந்துகள் குறைக்குமா, கூட்டுமா? பி.எச்டி-க்கு நான் எடுத்த கேள்வி இது. மண்டையோடு விரியாது, உள்ளே தண்ணீர் சேரச் சேர அழுத்தம் ஏறி ரத்தம் போகும் வழியே அடைபடும், அதில்தான் பலர் இறக்கிறார்கள், அதனால் இதை விட்டுவிட மனம் வரவில்லை.

படிக்க ஆரம்பித்ததும் தலை சுற்றியது. நிகோடின் தொடர்ந்து கொடுத்த எலிகளுக்குப் பக்கவாதப் பாதிப்பு அதிகமானதாக 1997-லேயே ஆய்வு வந்திருக்கிறது. அதை மட்டும் பார்த்தால் அடைப்பது நல்லது என்று தோன்றும். ஆனால் 2012-இல், மூளை ரத்தக்கசிவு ஏற்படுத்திய சுண்டெலிகளில் ஆல்ஃபா-7 என்ற ஒரு வகை நிகோடினிக் ரிசெப்டரைத் தூண்டியபோது வீக்கம் குறைந்தது, அந்த ரிசெப்டரை அடைத்ததும் பலன் போய்விட்டது. ஆக எந்த வகை ரிசெப்டர், எந்த நேரம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

சரி, விலங்குச் சோதனைக்கான விண்ணப்பமான ஃபார்ம் பி-யை நிரப்பி விலங்கு நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்தேன். எத்தனை எலி, ஏன் அத்தனை, வலிக்கு என்ன மருந்து, எடை எவ்வளவு குறைந்தால் கருணைக்கொலை, இதெல்லாம் எதிர்பார்த்த கேள்விகள்தான். வெளியிலிருந்து வந்திருந்த விஞ்ஞானி கேட்டதுதான் என்னை உட்கார வைத்தது. நீ கொடுக்கப்போகும் பிளாக்கரான மெக்கமைலமைன் 1950-களில் ரத்த அழுத்தத்துக்காக வந்த மருந்து, அழுத்தம் இறங்கி வீக்கம் மாறினால் அது மூளை ரிசெப்டரால் வந்தது என்று எப்படிச் சொல்வாய்?

ஹெக்ஸமெத்தோனியம் என்ற இன்னொரு நிகோடினிக் பிளாக்கர் கொடுக்கும் ஒரு எலிக் குழுவையும் வைத்திருக்கிறேன் என்றேன். அதுவும் அழுத்தத்தை இறக்கும், ஆனால் மூளைக்குள் எளிதில் போகாது, அதனால் மெக்கமைலமைனில் மட்டும் மாற்றம் தெரிந்தால் மூளைக்குள் நடந்தது என்று நம்பலாம். அவர் விடவில்லை. பக்கவாதத்தில், ரத்தத்திலிருப்பதை மூளைக்குள் எளிதில் விடாத ரத்த-மூளைத் தடுப்பே கசியுமே, அப்போது ஹெக்ஸமெத்தோனியமும் உள்ளே போகாதா? மிகச் சரியான கேள்வி, இன்றும் அதை நினைத்தால் மரியாதையாக இருக்கிறது. ஒவ்வொரு எலிக்கும் வாலில் பட்டை கட்டி அழுத்தம் எடுப்பது, உடல் வெப்பத்தை 37 டிகிரியில் வைப்பது, எவன்ஸ் புளூ என்ற நீலச் சாயத்தைச் செலுத்தி தடுப்பு எவ்வளவு திறந்திருக்கிறது என்று தனி எலிகளில் பார்ப்பது, இவ்வளவையும் சேர்த்துத் திருத்தி எழுதினேன்.

எத்தனை எலி வேண்டும் என்பதற்கு அடிப்படை, மூளையிலுள்ள தண்ணீரை எவ்வளவு நுட்பமாக அளக்கிறோம் என்பது. மூளையை எடுத்ததும் ஈரம் காய்வதற்குள் எடை, பிறகு 100 டிகிரிக்கு மேல் ஓவனில் ஒரு நாள், மறுபடி எடை; குறைந்த எடைதான் தண்ணீர். சாதாரண எலி மூளையில் ஏறக்குறைய 78-79 சதவீதம் தண்ணீர். வீக்கத்தில் அது ஓரிரு சதவீதம் ஏறினாலே பெரிய விஷயம், அதனால் தராசு தடுமாறினால் எல்லாம் போச்சு. இதைக் காட்டியதும் எண்ணிக்கை குறித்த விவாதம் சீக்கிரம் முடிந்தது.

அனுமதி நிபந்தனையோடு வந்தது: முதலில் சிறிய முன்னோட்டச் சோதனை, அதன் ரத்த அழுத்தப் பதிவைக் காட்டிய பிறகே மீதி விலங்குகள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. இதே பக்கம் வருகிறவர்கள் ஹெக்ஸமெத்தோனியம் குழுவையும் அழுத்தப் பதிவையும் முதல் வரைவிலேயே எழுதிவிடுங்கள், அப்புறம் ஆல்ஃபா-7-க்கு என்று தனி பிளாக்கர் வேண்டுமானால் மெத்தில்லைகாகோனிட்டினுக்கு முன்கூட்டியே ஆர்டர் போட்டுவிடுங்கள்.