வாடகை வீட்டுக்காரனுக்கு ஒரு ஜி.எஸ். சான்றிதழ்

புது வேலைக்குத் தெரிவாகி, கம்பெனி கேட்ட காகிதங்களில் கடைசியாக மிச்சமிருந்தது ஜி.எஸ். என்று நாங்கள் சொல்லும் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ். தனியார் கம்பெனியாக இருந்தாலும் நான் யார், எங்கே வசிக்கிறேன் என்று அரசாங்கம்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, கொழும்பில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதிலுள்ள சிக்கல் தெரியும். வாக்காளர் இடாப்பில் என் பெயர் இன்னும் வவுனியாவில்தான். கரண்ட் பில் வீட்டுக்கார அங்கிளின் பெயரில். அவரிடம் கடிதம் கேட்டால், வரி கிரி என்று ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். கடைசியில் 'வாடகை' என்ற சொல்லே வராமல், "எனக்குத் தெரிந்தவர், என் வீட்டில் வசிக்கிறார்" என்று எழுதித் தந்தார். அவருடைய அடையாள அட்டைப் பிரதியையும் கையோடு வாங்கி வையுங்கள், கட்டாயம் கேட்பார்கள்.

நான் போனது 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் அடித்து, களனி கங்கை பெருகி வடிந்துகொண்டிருந்த கிழமைகளில். அலுவலக நாள்தான், ஆனால் கதவில் ஒரு தாள்: வெள்ள நிவாரணக் கடமை. எங்கள் ஜி.எஸ். மிஸ்தான் பக்கத்துப் பிரிவுக்கும் பதில் கடமை.

ஒருவழியாக அவரைப் பிடித்தபோது மேசை நிறையக் கோப்புகள். அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கான மேன்முறையீடு, முதியோர் கொடுப்பனவு, ஈரம் காயாத நிவாரணப் படிவங்கள். சான்றிதழ்ப் புத்தகத்தை அடியிலிருந்து இழுத்தெடுத்தார். தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதாம். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று; சரி, ஆங்கிலத்தில் நிரப்பினேன்.

"தம்பி, ரெண்டு டிவிஷன், நான் ஒரு ஆள்" என்றார்.

அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. 2020இல் கொரோனாக் கால 5,000 ரூபாயா, ஜி.எஸ்.; 2023இல் அஸ்வெசும வந்ததா, அதற்கும் ஓடுவது ஜி.எஸ்.ஸிடம்தான். நாட்டில் 14,000க்கு மேல் பிரிவுகள், சராசரியாக ஒன்றுக்கு ஆயிரத்தைந்நூறு பேர் வரும். கொழும்பு நகரத்தில் சில பிரிவுகள் பத்தாயிரத்தையும் தாண்டும். திட்டங்கள் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்; எனக்கு முன்னால் நின்ற ஆச்சிக்கு அஸ்வெசும காசில்தான் பிரஷர் மருந்து. ஆனால் படையினரையும் சேர்த்து அரச ஊழியர் 13 இலட்சத்துக்கு மேல் இருக்கிற நாட்டில், இந்த மேசைக்கு இன்னொரு ஆள் கிடைக்கவில்லையா?

அப்புறம் பிரதேச செயலகத்தில் மேலொப்பம். அங்கே டோக்கன் எடுத்துக் காத்திருந்ததைத் தவிரச் சிரமம் இல்லை.

கம்பெனியில் அதை ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். ஆறு மாதம் செல்லுபடியாகும் என்பதால் வங்கிக் கணக்குக்கும் பிரதி உதவியது. அடுத்த இடாப்புத் திருத்தத்தில் பெயரை இந்த விலாசத்துக்கு மாற்றிவிட்டால் கடிதத்துக்கு அலைய வேண்டியதில்லை. அதற்கும் அங்கிள் சம்மதிக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.