கெடு முடிந்தும் சிவக்காத வரிசைகள்

நிலுவைப் பட்டியலில் கெடு முடிந்த வரிசைகள் தாமாகவே சிவப்பாக வேண்டும் என்பதுதான் தேவை. நிபந்தனைக்கேற்ப செல்லின் நிறத்தை மாற்றும் எக்செல்லின் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில், எஃப் நெடுவரிசையில் உள்ள தேதி இன்றைய தேதியை விடச் சிறியதா என்று பார்க்கும் ஃபார்முலாவை எழுதி, வரிசை முழுவதும் நிறம் மாறுவதற்காக எஃப் என்ற எழுத்துக்கு முன்னால் மட்டும் டாலர் குறி இட்டேன். அதுவரை எல்லாம் எளிதாகவே முடிந்தது.

ஆனால் கெடு எப்போதோ கடந்துவிட்ட பல வரிசைகள் நிறம் மாறவே இல்லை. தேதியே நிரப்பப்படாத வரிசைகளோ சிவந்து நின்றன. பட்டியலை அனுப்பியவரிடம் கேட்டதற்கு, "தேதியெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்ற பதிலோடு அவர் முடித்துக்கொண்டார். உற்றுப் பார்த்தபோதுதான், 15-03-2024 செல்லின் இடது ஓரத்திலும் 05-03-2024 வலது ஓரத்திலும் ஒட்டியிருப்பது தெரிந்தது. எக்செல்லுக்குத் தேதி என்பது 1900 ஜனவரி 1ஆம் நாளை 1 எனக் கொண்டு எண்ணப்படும் ஓர் எண். இடது ஓரத்தில் இருந்தவை வெறும் எழுத்தாகப் பதிந்தவை. ஒப்பிடும்போது எழுத்தை எண்ணை விடப் பெரியதாகவே எக்செல் கொள்வதால், அவை ஒருநாளும் சிவக்கப்போவதில்லை. வெற்று செல் 0 என்று கொள்ளப்படுவதால் அது எப்போதும் சிவக்கும்.

இதைவிட ஆபத்தானவை சரியாகத் தோன்றிய தேதிகள். மாதத்தை முதலில் வைக்கும் அமைப்புள்ள கணினியில் கோப்பு திறக்கப்பட்டிருந்ததால், 15ஆம் மாதம் இல்லாத காரணத்தால் 15-03-2024 எழுத்தாக நின்றுவிட, மார்ச் 5 சத்தமில்லாமல் மே 3 ஆகிவிட்டது! இப்படி மாறிப்போனதை எந்த ரூலாலும் (நிறம் மாற்றும் விதியாலும்) கண்டுபிடிக்க முடியாது. ஆகவே மூல சிஎஸ்வி கோப்பை, அதாவது தரவு வெறும் எழுத்தாக இருக்கும் கோப்பை, விடாமல் கேட்டு வாங்கி, எக்செல்லுக்குள் இறக்கும்போதே அந்த நெடுவரிசைக்கு நாள்-மாதம்-ஆண்டு என்ற வரிசையைக் குறிப்பிட்டேன். எல்லாத் தேதிகளும் வலது ஓரத்துக்கு வந்தபோது பெரும் நிம்மதி. வெற்று செல்களை விலக்க, இரு நிபந்தனைகளும் பொருந்த வேண்டும் என்று சொல்லும் 'அண்ட்' என்பதை ஃபார்முலாவில் சேர்த்து, செல்லில் எண் இருக்கிறதா என்ற நிபந்தனையையும் வைத்தால் போதும்.

பிறர் தொடர்ந்து திருத்தும் பட்டியலானால் இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரணமாக ஒட்டும் ஒவ்வொரு முறையும் ரூல் துண்டு துண்டாகச் சிதறக்கூடும். அதனால் மதிப்பை மட்டும் ஒட்டச் சொல்லுங்கள். 'மேனேஜ் ரூல்ஸ்' பகுதியில் தாள் முழுவதற்குமான ரூல்களை அவ்வப்போது திறந்து பார்த்து, ஒரே ரூலின் பிரதிகளை நீக்கிவிட்டு, மிஞ்சும் ஒன்றின் எல்லையைப் பட்டியல் முழுவதற்கும் நீட்டிவிடுங்கள்.