அப்ப சகடை மாதிரியோ, தம்பி?

சரக்கு விமானத்தில் துணை விமானியாக வேலை கிடைத்த செய்தியை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, ஏழாலையில் அவர் பக்கமிருந்து சற்று நேரம் சத்தமே வரவில்லை. பிறகு மெல்லிய குரலில், "அப்ப சகடை மாதிரியோ, தம்பி?" என்று கேட்டார்.

1990களில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை. ஆட்களையும் சாமான்களையும் ஏற்றுவதற்கென்று செய்யப்பட்ட விமானங்களில் பீப்பாய்க் குண்டுகளை ஏற்றிவந்து ஊர்மனைகளின் மேல் உருட்டிவிட்ட காலம் அது. சனம் அந்த விமானத்தைச் சகடை என்றே அழைத்தது. அதன் இரைச்சல் கேட்டதும் அம்மா அடுப்பில் கொதிக்கும் உலையை அப்படியே விட்டுவிட்டு, என்னையும் தங்கையையும் இழுத்துக்கொண்டு, முற்றத்து மாமரத்தடியில் அப்பா வெட்டிப் பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கி மூடியிருந்த பங்கருக்குள் இறங்குவார். சரக்கு விமானம் என்ற சொல் அவருக்கு வேறு எதை நினைவூட்டியிருக்க முடியும்? "இல்லையம்மா, இது பொதியும் கடிதமும் மருந்தும் கொண்டுபோறது" என்றேன். "நல்லது" என்றார். அவர் சமாதானம் அடையவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

நான் 2008இல் கனடாவுக்கு வந்தேன். ஸ்காபரோவில் மாமா வீட்டு பேஸ்மென்ட்டில் தங்கியிருந்து, பல ஆண்டுகள் பொதி விநியோக வான் ஓட்டினேன். கடைசியாகக் கொடுக்கவேண்டிய பொதியை முதலில் ஏற்றவேண்டும், பாரமானதைக் கீழே வைக்கவேண்டும், பனிக்காலத்தில் படிக்கட்டை நம்பக் கூடாது என்பவற்றையெல்லாம் அந்த வான்தான் எனக்குப் படிப்பித்தது.

ஒரு மாசி மாத விடியற்காலையில் ஹமில்டன் விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகைக்குப் பொதி எடுக்கப் போயிருந்தேன். இரவு முழுவதும் விரைவுப் பொதி விமானங்கள் இறங்கி ஏறும் இடம் அது. அப்போதுதான் வந்து நின்ற போயிங் 767 ஒன்றின் படியால், கையில் சாப்பாட்டுப் பையோடு இறங்கி வந்த ஒருவர், என் வானைக் கண்டுவிட்டு அருகில் வந்து, வீதி வழுக்குகிறதா, தான் இனி வீட்டுக்குக் காரோட்டிப் போகவேண்டும் என்று கேட்டார். வழுக்குகிறது, கவனமாகப் போங்கள் என்றேன். வானுக்குள் ஏறிய பிறகும் நெடுநேரம் திறப்பைத் திருப்பாமலே இருந்தேன். சிறுவயதில் எத்தனையோ விமானங்களுக்கு ஒளிந்திருக்கிறேன்; உள்ளே ஒரு மனிதர் இருப்பார், அவருக்கும் நித்திரை வரும், வீடு போய்ச் சேரும் வழியைப் பற்றிய கவலை இருக்கும் என்று அன்றுவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

அடுத்த கோடையில் ஒஷாவாவில் ஒரு பறப்புப் பள்ளியில் சேர்ந்தேன். தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 45 மணித்தியாலம் பறக்கவேண்டும்; வணிக விமானி உரிமத்துக்கு மொத்தம் 200. சிறிய செஸ்னா விமானத்துக்கும் ஆசிரியருக்குமாக மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 200 டொலர் போனது. மனைவி எடுத்த சீட்டுக் காசும், கிழமையில் ஆறு நாள் நான் ஓட்டிய வானும்தான் என்னைப் பறக்கவைத்தன. காசு முடிந்த மாதங்களில் பறப்பும் நின்றது.

பறப்பதற்கு முன் இறக்கையின் அடியிலிருந்து சிறிது எரிபொருளைக் கண்ணாடிபோன்ற குவளையில் வடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கவேண்டும். இள நீல நிறம் சரியா, அடியில் தண்ணீர் முத்தாகத் திரண்டிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும். முதல் நாள் அதைப் பிடித்தபோது என் கை தானாகவே நடுங்கியது. பொருளாதாரத் தடை இருந்த நாட்களில், போத்தலின் அடியில் கிடந்த பெற்றோலை அப்பா இப்படித்தான் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார். அதில் சில துளிகளை விட்டு மோட்டார் சைக்கிளை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். இரவில் எங்கள் பாடப் புத்தகத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு. ஒரு துளிகூடச் சிந்தக் கூடாது என்று வளர்ந்த எனக்கு, வடித்த எரிபொருளை என்ன செய்வது என்று ஆசிரியரிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

உரிமம் கையில் வந்த பிறகு, 2017இல் வடமேற்கு ஒன்ராறியோவின் சூ லுக்கவுட்டில் வேலை கிடைத்தது. ஒற்றை இயந்திர செஸ்னா கேரவானில் பாலும் மாவும் குழந்தைகளின் நாப்கினும் ஏற்றிக்கொண்டு, ஆண்டு முழுவதும் பயன்படும் வீதி இல்லாத ஊர்களுக்குப் போகும் வேலை. குளிர் இறுகி ஏரிகள் உறைந்தால்தான் அந்த ஊர்களுக்கு வாகனப் பாதை. பனி உருகிவிட்டால் வானம் ஒன்றே வழி. விமானத்தில் பாரம் எங்கே இருக்கிறது என்பதைக் கணக்கிட்டு, முழுப் பாரமும் சமனாகும் புள்ளியான ஈர்ப்பு மையம் எல்லைக்குள் நிற்கிறதா என்று பார்த்த பிறகே புறப்படலாம். கணக்கு புதிது என்றாலும் கைப்பழக்கம் என் பழைய வானில் வந்ததுதான்.

கனடாவின் பூர்வகுடிகளான ஓஜி-கிறி மக்கள் வாழும் சாண்டி லேக்கில் நான் முதன்முதல் இறங்கிய நாள் இன்றும் கண்ணில் நிற்கிறது. இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தேன். வேலிக்கு அப்பால், பனியில் கால் புதையப் புதைய, ஏழெட்டுப் பிள்ளைகள் விமானத்தை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார்கள். ஒரு சிறுமிக்கு ஒரு கையில் மட்டும் கையுறை. மற்றக் கையை ஆட்டி ஆட்டி அவள் சிரித்தாள். விமானச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் ஓடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்தத் திசையில் ஓடுவார்கள் என்பது தெரியாது. பால் பெட்டிகளை இறக்கி முடியும்வரை நான் யாரோடும் பேசவில்லை.

2021இல் ஹமில்டனுக்குத் திரும்பி, இரண்டு காற்றாடிகள் கொண்ட ஏடிஆர் 72 சரக்கு விமானத்துக்கு வந்தேன். ஏறத்தாழ 8 தொன் ஏற்றும். சொந்தக்காரர் சந்தோசப்பட்டார்கள், ஊருக்கு மலிவாக டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டவர்களும், அம்மாவுக்கு ஒரு மிக்சி அனுப்பிவிட முடியுமா என்று கேட்ட மாமியும் உண்டு. அந்த விமானத்தில் பயணிகளுக்கு இருக்கையே இல்லை என்று சொன்னபோது மாமிக்கு உண்மையாகவே கவலையாகிவிட்டது. தனியாகவா பறக்கிறாய் என்று கேட்டுவிட்டு, துணைக்கு மூத்த விமானி இருக்கிறார் என்று அறிந்த பிறகே தேநீர் ஊற்றினார்.

இங்கே நான் நன்றாக ஊன்றிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். வீடு இருக்கிறது, மகள் ஸ்காபரோத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள், குளிரும் பழகிவிட்டது. ஆனால் தெளிந்த இரவுகளில், ஒன்ராறியோ ஏரியின் கரையோரம் ஸ்காபரோவின் தெருவிளக்குகள் நிரையாகத் தெரியும்போது, நான் பொதி கொடுத்த தெருக்களைத் தேடத் தொடங்கும் கண், சற்று நேரத்தில் கச்சேரி முடிந்த தேர்முட்டியையும், ஏழாலைக் குச்சொழுங்கையையும், இருட்டில் அப்பாவின் சைக்கிள் டைனமோ வெளிச்சத்தையும் தேடிக்கொண்டிருக்கும். மூத்த விமானி உயரத்தைச் சொல்ல, நான் திருப்பிச் சொல்லி மீள்வேன்.

இரவு வேலை முடிந்து விடிய ஐந்து மணிக்குப் பிறகு அம்மாவை அழைப்பேன், அங்கே பின்னேரம். எங்களுக்கு யாழ்ப்பாணத்துப் பலாலி என்றால் நெடுங்காலம் படைமுகாம்தான். அதற்காகக் காணியை விட்டு எழும்பியவர்களில் இன்னும் திரும்ப முடியாதவர்கள் இருக்கிறார்கள். 2019இல் அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னையிலிருந்து ஏடிஆர் 72 வரத் தொடங்கியது. அம்மா அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. போன ஐப்பசியில் ஒருநாள், நான் வணக்கம் சொல்லுமுன்பே அவர் தொடங்கினார்.

"இஞ்சை ஒண்டு இப்பத்தான் தாழப் போகுது, தம்பி. காத்தாடி ரெண்டு இருக்கு. உன்ரையும் இப்பிடித்தானோ?"

"ஓம் அம்மா, அதேதான். எங்கை நிண்டு பாத்தனீங்கள்?"

"முத்தத்திலைதான். மாமரம் மறைக்குது எண்டு வெளியிலை வந்து நிண்டு பாத்தனான்."