அன்றன்றைக்கு ஒரு ஓமர்

மார்ச் 3, திங்கள்

இவருக்கு இன்றோடு வேலை இல்லை. அந்தப் பிரிவையே மூடிவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

இரவு அத்தைக்கு ரத்த அழுத்த மாத்திரை எடுக்கப் போனவள், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். ஒரு முழு அட்டை, இன்னொன்றில் நான்கு. இன்றைக்கு ஒன்று போனால் பதின்மூன்று. அதாவது 16ஆம் தேதி வரை. இதுவரை ஒருநாளும் அதை நான் எண்ணியதில்லை. ஜெபிக்க முழங்கால் போட்டேன். வாய் ஜெபித்தது, மனசு எண்ணிக்கொண்டே இருந்தது.

மார்ச் 5, புதன்

இவர் ஒரு நோட்டில் கையிருப்பை எழுதி, வாரம் வாரமாகக் கழித்துக்கொண்டே வருகிறார். மே மாதத்துக்குக் கீழே ஒரு கோடு. அதற்குக் கீழே வெறும் தாள். நடுராத்திரி எழுந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கமே வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வேதாகமத்தில் யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். சிறுவயதிலிருந்து கேட்ட கதைதான். எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேலர் வனாந்தரத்தில் விடிந்ததும் தரையில் கிடந்த ஆகாரத்தைப் பார்த்து, இது என்ன என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். தேவன் கொடுத்தது அவர்களுக்குப் பெயர்கூடத் தெரியாத ஒன்று. தலைக்கு ஒரு ஓமர், ஏறக்குறைய 2 லிட்டர் அளவு. அதிகம் சேர்த்தவனுக்கு மீதியில்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறைவுமில்லை. மறுநாளைக்கு என்று ஒளித்து வைத்ததில் பூச்சி பிடித்து நாற்றமெடுத்தது.

அந்த ஒளித்து வைத்தவர்களை இத்தனை வருஷமாகப் பேராசைக்காரர்கள் என்றே நினைத்திருந்தேன். இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தவர்கள். நாளைக்கும் வருமா என்று பயந்துபோனவர்கள். மே மாதக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்த நான் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறேன்.

ஆறாம் நாளில் மட்டும் தலைக்கு இரண்டு ஓமர் சேர்த்தார்கள், ஓய்வுநாள் வரை அது கெடவேயில்லை. சேர்த்து வைப்பதே தப்பு என்று அந்த அதிகாரம் சொல்லவில்லை. சொன்னபடி சேர்த்தது நின்றது, பயத்தில் சேர்த்ததுதான் கெட்டது. இப்படி அவர்கள் 40 வருஷம் சாப்பிட்டார்கள். ஏறக்குறைய ஒவ்வொரு ராத்திரியும் நாளைக்கு ஒன்றும் இல்லாமலே படுத்திருக்கிறார்கள்.

மார்ச் 14, வெள்ளி

இவர் போய்ப் பார்த்த இரண்டாவது இடமும் கைவிட்டுவிட்டது. திரும்பி வந்து, "கர்த்தர் காட்டின இடம்னுதானே முதல்ல அந்த வேலைல சேர்ந்தேன்? அப்புறம் ஏன் மூடணும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ராத்திரி எலியா தீர்க்கதரிசியின் கதைக்குப் போனேன். கேரீத் ஆற்றண்டைக்குப் போகச் சொன்னவர் கர்த்தர். காகங்களைக் கொண்டு போஷித்தவரும் அவர்தான். அப்படியும் அந்த ஆறு வற்றிப்போயிற்று என்று எழுதியிருக்கிறது. காகங்களைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. வற்றிய ஆற்றைப் பற்றி ஒன்றுகூடக் கேட்ட ஞாபகம் இல்லை. தண்ணீர் நாளுக்கு நாள் குறைவதை எலியா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். சாறிபாத் ஊருக்குப் போ என்ற வார்த்தை ஆறு வற்றிய பிறகுதான் வருகிறது.

அங்கேயும் யாரிடம் அனுப்புகிறார்? பானையில் ஒரு பிடி மாவும் கலசத்தில் கொஞ்சம் எண்ணெயும் மட்டும் வைத்துக்கொண்டு, கடைசியாகச் சமைக்க இரண்டு விறகு பொறுக்கிக்கொண்டிருந்த விதவையிடம். அந்தப் பானை நிரம்பி வழிந்ததாக எங்கும் எழுதப்படவில்லை. செலவழிந்து போகவில்லை, அவ்வளவுதான். தினமும் கையை உள்ளே விட்டுத் துழாவித்தான் அவள் எடுத்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

இவரை எழுப்பி வாசித்துக் காட்டினேன். பேசாமல் கேட்டுக்கொண்டார்.

மார்ச் 15, சனி

அட்டையில் இரண்டு மாத்திரை.

சபையிலிருந்து என்னைவிட மூத்த அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். போகும்போது என் வேதாகமத்துக்குள் ஒரு கவரை வைத்தார். "வேண்டாம் அக்கா, சமாளிச்சுக்குவோம்" என்று திருப்பி நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "தினமும் வேணும்னு ஜெபம் பண்ணுற. வந்தா வேண்டாங்குற" என்றார். முகம் சுட்டது. அவர் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார் என்ற வசனத்தைச் சுவரில் மாட்டாத வீடு நமக்குள் குறைவு. அப்போஸ்தலன் பவுல் அதை எழுதியது காவலில் இருந்துகொண்டு. எப்பாப்பிரோதீத்து கையில் பிலிப்பி சபையார் கொடுத்தனுப்பிய உதவியைப் பெற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியில்தான் அது வருகிறது. வாங்குவதற்குப் பவுல் கூச்சப்படவில்லை. எனக்குத்தான் கூச்சம். கொடுக்கிற இடத்திலேயே இருந்து பழகிவிட்டேன்.

மாத்திரை மூன்று அட்டை வாங்கியாயிற்று.

மார்ச் 26, புதன்

ஜார்ஜ் முல்லரின் வாழ்க்கையை வாசித்துக்கொண்டிருக்கிறேன். 1836இல் பிரிஸ்டலில் ஒரு வாடகை வீட்டில் அனாதைப் பிள்ளைகளைச் சேர்க்க ஆரம்பித்தவர். 1898இல் இறப்பதற்குள் 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவருடைய இல்லங்களில் வளர்ந்தார்கள். தேவை என்று மனுஷரிடம் கேட்பதில்லை, ஜெபத்தில் மட்டும்தான் கேட்பது என்று கடைசிவரை இருந்தார்.

எல்லாரும் சொல்வது அந்த அற்புதங்களைத்தான். என்னைப் பிடித்தது அவருடைய கணக்கு. வந்த சின்னச் சின்னத் தொகையைக்கூட எழுதி வைத்திருக்கிறார். கையில் ஒன்றுமே இல்லாமல் விடிந்த நாட்களையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். விசுவாசம் இருந்தால் கணக்குப் பார்க்கக் கூடாது என்று எங்கள் வீட்டிலேயே ஒரு பேச்சு உண்டு. முல்லரைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

இவரிடம் சொன்னேன். நோட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து புதிதாக ஆரம்பித்தோம். அன்றன்றைக்கு வந்தது மட்டும். முதல் வரியில் அக்காவின் கவர். அடுத்து, இவருடைய பழைய நண்பர் கொடுத்த இரண்டு நாள் கணக்கெழுதும் வேலை. மகனுடைய ஷூவின் அடிப்பாகம் பிளந்திருந்ததை யாரோ ஓர் ஆசிரியை கவனித்து ஒட்டிக் கொடுத்திருக்கிறார். அதையும் எழுதச் சொன்னான், எழுதினோம்.

ஏப்ரல் 4, வெள்ளி

வேலை இன்னும் கிடைக்கவில்லை. மே மாதக் கோடும் அங்கேயேதான் இருக்கிறது.

காலையில் இவர் ஆதியாகமம் 22 வாசித்தார். பலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே என்று மகன் ஈசாக்கு கேட்க, தேவன் பார்த்துக்கொள்வார் என்கிறான் ஆபிரகாம். எபிரெயத்தில் அது காண்பது என்கிற வினையாம். தமிழில் நமக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள், அம்மாவைப் பார்த்துக்கொள் என்று நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தைதானே. கண்ணை எடுக்காமல் இருப்பதும் வேண்டியதைச் செய்வதும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. "பார்த்துக்கொள்வார்" என்று வாசித்ததும் இவர் குரல் அடைத்தது. மீதியை நான் வாசித்தேன்.

இரவு மாத்திரையைப் பிதுக்கி எடுத்துத் தண்ணீரோடு நீட்டினேன். அத்தை வாங்கிக்கொண்டு, "இன்னும் எத்தனை இருக்கும்மா?" என்று கேட்டார்கள்.

எண்ணவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.